அரைச் சுற்று

பகலில் பல் செட் செய்கிறேன்
பெங்களூரு ரோட்டில், மருந்துக்கடை மாடியில்.
மெழுகில் கடித்துக் கொடுத்த அளவுகள்
என் மேசையில் வாய் திறந்தபடி காய்ந்துகொண்டிருக்கும்.
ஊர்த் தாடையெல்லாம் போதாதென்று
இரும்புத் தாடை வேறயா என்பார் தீர்த்தகிரி.

இருக்கலாம்.

வீட்டில் பதினொரு வைஸ்.
கட்டிலுக்கடியில் நான்கு, சிலிண்டர் பக்கம் இரண்டு,
பைப் பிடிக்கிறது ஒன்று,
நகைப் பட்டறையிலிருந்து வந்த குட்டி ஒன்று,
மிஞ்சிப் போனால் எலுமிச்சம்பழம் கடிக்கும்.
மீதி மூன்று இருக்குமிடம் தெரிந்தால்
வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பன்னிரண்டாவது பழையபேட்டையில் கிடைத்தது.
கவுஸ் பாய் எடைக்குத்தான் போடுவார்,
அவர் தராசில் எந்தச் சாமானுக்கும் பெயர் கிடையாது.
முப்பத்தெட்டு கிலோ.
"அசையாதும்மா, செத்த சாமான்,
நாளைக்கு லாரி ஏறுது."
தொப்பூர்ச் சரிவில் நசுங்கிய ஏதோ வண்டியின்
கதவுமேல் உட்கார்ந்திருந்தது.
உடம்பில் வார்த்த எழுத்தைத் தடவினேன்.
அப்பன் பெயர் தேய்ந்துவிட்டது.
'அண்ட் சன்ஸ்' மட்டும் மிச்சம்.

இறுகிய வாய்க்குள் நகக்கண் அளவு பித்தளை தெரிந்தது.
அதற்காகத்தான் வாங்கினேன்.

மூன்று நாள் மண்ணெண்ணெய்.
பிறகு நீலத் தொட்டியில் சலவை சோடா,
பழைய பேட்டரி சார்ஜர்,
மைனஸ் இதற்கு, பிளஸ் ஒரு ஓட்டை மண்வெட்டிக்கு.
ராத்திரி முழுக்க நுரைத்தது.
குளிக்கப் போனவர் அங்கிருந்தே கத்தினார்,
"பாத்ரூம்ல என்ன குழம்பு கொதிக்குது?"

சாம்பல் பெயிண்ட் உரிந்தால் பச்சை,
பச்சை உரிந்தால் நீலம்,
ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில்
ஏதோ ஒரு ஆயுத பூஜையின் குங்குமப் பொட்டு.
துடைக்காமலே அடித்திருக்கிறார்கள்.
நானும் அந்த இடத்தில் பிரஷ்ஷை நிறுத்திக்கொண்டேன்.

திருகு மட்டும் அசையவில்லை.
மூன்றடி பைப் மாட்டி இழு என்றார்கள்.
வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது,
கோபப்பட்டால் உடையும்.
கடைவாய்ப் பல் எடுக்கும்போது டாக்டர் சொல்வது
ஞாபகம் வந்தது: இழுக்காதே, ஆட்டு.
முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை,
சூடு, எண்ணெய், தூக்கம், திரும்ப முன்னே.

பதினோராம் ராத்திரி ஒரு முனகல்.
தாடை விலக,
என் பாதத்தின் மேல் விழுந்தது
பாதி ராவிய சாவி.
மூன்று பல் வெட்டியாயிற்று,
நான்காவதுக்குக் கோடு மட்டும் கீறியிருந்தது.
சாப்பிடப் போனானோ, சங்கு ஊதியதோ,
கள்ளச் சாவி என்று கை நடுங்கியதோ.

லேத் பட்டறை முனிரத்தினம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
உள் நட்டு தேய்ஞ்சிருக்கு,
அரைச் சுற்று சும்மா சுத்தும், அப்புறம்தான் பிடிக்கும்,
புதுசு கடைஞ்சா ஆயிரத்தெண்ணூறு.
வேண்டாம் என்றேன்.
சும்மா சுற்றும் அந்த அரைச் சுற்று
கைக்குப் பழகிவிட்டது.

அதே வாயில் அதே சாவியைக் கொடுத்து
நான்காவது பல்லை நான் ராவினேன்.
பீரோவுக்குச் சேரவில்லை, கேட்டுக்கும் இல்லை.
வீட்டுக்காரர் பூட்டிவைத்திருக்கும்
மொட்டை மாடிக் கதவில் போட்டால்
திறந்துகொண்டது.

"அது ஹேர்பின்னுக்கே திறக்கிற பூட்டு"
என்றார் தீர்த்தகிரி.
சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார்,
முப்பத்தெட்டு கிலோவின் மறுமுனைக்குக் குனிந்தார்.
அவரும் அப்படித்தான்,
கொஞ்சம் சுற்றவிட்டுத்தான் பிடிப்பார்.

பதினெட்டுப் படி.
பதிமூன்றாவதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.
கீழே வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.
இருவரும் அசையவில்லை.
பிறகு விளம்பரம் முடிந்தது.